வெலிச்கா தோற்ற பந்தயம்

எங்கள் மலைக் கிராமமான எலாட்காவில் பனி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி எண் உண்டு. அழைத்தால், அன்று காலையில் பதிவு செய்து வைத்த வெலிச்காவின் குரல் ஓடும். கணினியில் எங்களுக்கு ஒரு பக்கமும் இருக்கிறது. அதில் எந்த நாளும் வெயில், எந்த நாளும் முழங்கால் பனி. அதை யாரும் நம்புவதில்லை. வெலிச்காவை எல்லோரும் நம்பினார்கள்.

"வணக்கம். எலாட்கா பனித் தகவல். மேல் சரிவுல ரெண்டு முழம் பனி, கெட்டியா இருக்கு. கீழ்ச் சரிவுல தூரத்துலேருந்து பார்த்தா பனி, கிட்டப் போய்ப் பார்த்தா புல்லு. ரெண்டாவது தூண்கிட்ட ஒரு கல்லு தலையைத் தூக்கிப் பாக்குது, அதுக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கேன். காத்து இல்ல. டோன்கா கடையில மொச்சை சூப் இருக்கு. வரணும்னு தோணுறவங்க வாங்க."

நான்தான் அந்த டோன்கா. சரிவின் அடிவாரத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். ஆட்களை மேலே இழுத்துப் போகும் இரண்டு கம்பிகள், பனியைச் சமன் செய்யும் ஒரு பழைய இயந்திரம், எல்லாவற்றையும் நிர்வகிக்க ஒரு டைரக்டர், இவ்வளவுதான் எங்கள் பனிச்சறுக்கு மைதானம். இதில் அடிக்கடி சூடாகி நின்றுபோவது டைரக்டர் க்ரூம்தான்.

"அக்கா, புல்லுன்னு சொல்லாதீங்க அக்கா," என்று கெஞ்சுவான். "'மெல்லிய பனி'ன்னு சொல்லுங்க. மத்த மலைக்காரன்லாம் அப்படித்தான் சொல்றான்."

"மெல்லிய பனின்னு நம்பி வந்து காலை ஒடிச்சிக்கிட்டவன் மறுபடி வருவானாடா?"

"வர மாட்டான்."

"புல்லுன்னு சொன்னா சிரிச்சிட்டு அடுத்த வாரம் வருவான். போ, போய் கம்பிக்கு எண்ணெய் போடு."

வெலிச்காவுக்கு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. மகள் கடலோர நகரத்தில் கல்யாணம் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். நெடுநெடுவென்ற உடம்பு, எதற்கும் தணியாத தொண்டை. அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி இருந்தார். அவரை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

கீழே நகரத்து வானொலியில் காலைச் செய்தி முடிந்ததும் வானிலை வாசிப்பவர் அவர். லூபென் என்று பெயர். ஆலய மணியை மெல்லத் தட்டியதுபோல ஒரு குரல். "மலைப்பகுதிகளில் பனிப்பொழிவுக்கு வாய்ப்பு உண்டு" என்று அந்தக் குரல் சொன்னால், இல்லாத பனியும் கண்ணுக்குத் தெரியும். டிசம்பரில் அப்படித்தான் சொன்னார், அதுவும் "பலத்த" என்று சேர்த்து. அதைக் கேட்டுவிட்டு நகரத்திலிருந்து இரண்டு பேருந்து நிறையப் பள்ளிப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். மலையில் சகதி. பிள்ளைகள் அழுதார்கள். வெலிச்கா ஒவ்வொரு பிள்ளைக்கும் என் கடையிலிருந்து சூடாக மாவுப் பணியாரம் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, நேராகப் போய் தொலைபேசிப் பதிவைத் திறந்தாள்.

"வணக்கம். எலாட்கா பனித் தகவல். பனி எங்ககிட்ட இல்ல. எல்லாத்தையும் ரேடியோவுல லூபென் ஐயா வச்சிருக்காரு. சறுக்கணும்னா அவர் மேசை மேல போய்ச் சறுக்குங்க."

யாரோ விஷமக்காரர் இதை வானொலிக்கு அனுப்பிவைக்க, அவர்களும் ஒலிபரப்பிவிட்டார்கள். மறுநாள் லூபென் தன் அறிக்கையின் முடிவில், கொஞ்சமும் குரல் மாறாமல், "எலாட்கா அம்மையாருக்கு: என் மேசை மிகவும் சிறியது" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பள்ளத்தாக்குக்குப் பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது. முதலில் வானொலி, அது முடிந்த கையோடு வெலிச்காவின் தொலைபேசி. சறுக்குப் பலகையைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட அழைத்துக் கேட்டார்கள். அவர் "லேசான மூடுபனி" என்றால் இவள் "மூக்கு தெரியல" என்பாள். இவள் "நல்ல குளிர்" என்றால் அவர் மறுநாள், "அம்மையாரும் நானும் ஒத்துப்போகும் அபூர்வமான நாள்" என்பார். அந்த வரியைக் கேட்டு வெலிச்கா ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தாள். கோபம் என்றுதான் அவள் சொன்னாள். அன்று அவள் தலைக்குப் புதுத் துண்டு கட்டிக்கொண்டிருந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை.

பிப்ரவரியில் திரிஃபோன் திருநாள் வந்தது. திராட்சைத் தோட்டக்காரர்களின் திருநாள் அது. எங்கள் உயரத்தில் திராட்சை விளையாது. ஆனால் குடிக்கும் உரிமையை நாங்கள் விட்டுக்கொடுத்ததில்லை. அன்று எலாட்காவில் தட்டுப் பந்தயம் நடக்கும். மாவையும் பாலாடைக்கட்டியையும் அடுக்கடுக்காக வைத்து பனித்சா என்ற பலகாரம் சுடும் பெரிய வட்டத் தட்டு இருக்கிறதல்லவா, அதில் உட்கார்ந்து சரிவில் இறங்க வேண்டும். முதலில் வருபவருக்கு ஒயின். கடைசியில் வருபவருக்கும் ஒயின்.

அந்த வருடம் திருநாளுக்கு முந்தைய வாரம் வெள்ளைக் காற்று கிளம்பிவிட்டது. தெற்கே, நாங்கள் வெள்ளைக் கடல் என்று சொல்லும் கடலிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று. வெயில் ஒரு மாதத்தில் தின்னாத பனியை அது இரண்டு நாளில் தின்றுவிடும். கூரையெல்லாம் சொட்டியது. கீழ்ச் சரிவு கறுத்தது. வெலிச்கா சிவப்புத் துணி கட்டிக் கட்டி, துணி தீர்ந்து போய், என் பழைய பாவாடையைக் கிழித்துக்கொண்டு போனாள்.

அப்போதுதான் லூபென் வானொலியில் சொன்னார்: "சனிக்கிழமை காலைக்குள் எலாட்கா மலையில் முழங்கால் அளவு பனி விழுந்திருக்கும்." வாய்ப்பு உண்டு என்றுகூடச் சொல்லவில்லை. விழுந்திருக்கும்!

வெலிச்கா என் கடையில் நின்று அதைக் கேட்டாள். கையில் இருந்த ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் தொலைபேசியைச் சுற்றி நின்றோம்.

"வணக்கம். எலாட்கா பனித் தகவல். வெள்ளைக் காத்து அடிக்குது. கூரை சொட்டுது, கோழி முட்டை போடுது, வசந்தம்னு நினைச்சிக்கிட்டு. சனிக்கிழமை பனி வராது. தட்டுப் பந்தயம் கிடையாது, யாரும் வராதீங்க. முழங்கால் பனி விழுந்துச்சுன்னா, லூபென் ஐயா முன்னாடி நானே தட்டுல உக்காந்து மலை உச்சியிலேருந்து இறங்குறேன். விழலேன்னா, அவரே இங்க வந்து எங்க எல்லார் செருப்புச் சகதியையும் துடைக்கட்டும்."

அடுத்த நாள் காலை அவர் பதில் சொன்னார்: "ஒப்புக்கொள்கிறேன். எப்படியானாலும் நான் வருகிறேன்."

க்ரூம் பாவம். அவன் யாரை நம்புவது? வெலிச்காவைத்தான் நம்பினான். பாட்டுக்காரர்களுக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினான். பேருந்துகளை நிறுத்தினான். ஒயின் பீப்பாயை மட்டும் திருப்பி அனுப்ப மனம் வராமல் என் கடைப் பின்கட்டில் உருட்டி வைத்தான்.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. வெலிச்கா வெற்றிக் களிப்பில் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கறுத்துப்போன சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ஜெயிக்கப்போறவ மூஞ்சியா இது?" என்றேன்.

"ஜெயிக்கறது இருக்கட்டும். திரிஃபோனுக்கு மழையாடி? அசிங்கமா இருக்கு."

சாயங்கால நேரம் கதவு திறந்தது. குட்டையான ஒரு மனிதர், தொப்பியிலிருந்து தண்ணீர் வழிய, ஆவி படிந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"வணக்கம். இங்கே தங்க இடம் கிடைக்குமா?"

கடையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. அந்த உடம்புக்குள் அந்தக் குரல் எப்படித்தான் அடங்கியிருந்ததோ!

"அட, வானமே நனைஞ்சுக்கிட்டு வந்திருக்கு," என்றான் சமன் இயந்திரம் ஓட்டும் ராங்கெல். எல்லோரும் வெலிச்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. "சனிக்கிழமைதானே வரணும்? சகதி துடைக்க இன்னிக்கே பழகிக்க வந்தீங்களா?"

"துணியும் கொண்டு வந்திருக்கேன்," என்று பைக்குள் கைவிட்டு ஒரு மஞ்சள் துணியை எடுத்துக் காட்டினார் அவர்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கடை முழுக்கச் சிரித்தது. வெலிச்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவருக்கு சூப் கொடுத்தேன். இரண்டு வாய் குடிப்பார், எழுந்து கதவைத் திறந்து, வெளியே தொங்கும் வெப்பமானியைப் பார்ப்பார், திரும்பி வருவார். மறுபடி இரண்டு வாய், மறுபடி கதவு.

"ஐயா, கதவைத் திறந்தா திறங்க, சாத்தினா சாத்துங்க. என் சூப் ஆறிப்போகுது," என்றேன்.

"மூணு டிகிரி," என்றார் என்னிடம், ஏதோ வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாததுபோல. அடுத்த முறை, "ரெண்டு."

"ரெண்டுன்னாலும் மழைதான்," என்றாள் வெலிச்கா.

"தெற்கேயிருந்து ஈரம் ஏறி வருது அம்மா. வடக்கே டான்யூப் ஆத்துப் பக்கம் நல்ல குளிர் காத்து நிக்குது. ரெண்டும் உங்க மலை மேல சந்திச்சா பனி. சந்திக்கலேன்னா..." துணியை மேசையில் தட்டினார்.

"ஒரு தடவை ரேடியோவுல சொல்லிட்டா அப்புறம் என்ன செய்வீங்க? தூங்கிடுவீங்களா?"

"எங்க தூங்கறது? எங்க ஸ்டுடியோவுக்கு ஜன்னலே கிடையாது. 'மழை இல்லை'ன்னு நானே வாசிச்சிட்டு வெளிய வந்து, நானே நனைஞ்சிருக்கேன். பஸ் ஸ்டாப்ல எல்லாரும் என் குரலைத் திட்டுவாங்க. நான் வாயைத் திறக்காம நிப்பேன். திறந்தா அடி விழும்."

வெலிச்கா இப்போது சிரித்துவிட்டாள். அடக்க நினைத்துத் தோற்றுப்போன சிரிப்பு. அவர் தட்டைப் பார்த்தபடியே, "டிசம்பர்ல அந்த ரெண்டு பஸ் பிள்ளைங்க. அது என் தப்புதான். அதைச் சொல்லத்தான் ஒரு நாள் முன்னாடியே வந்தேன்," என்றார்.

அவள் எழுந்து போய், என்னைக் கேட்காமலே அலமாரியிலிருந்து ராக்கியாவை, நான் வடித்த பிளம் பழச் சாராயத்தை, எடுத்து, இரண்டு குவளையில் ஊற்றிக் கொண்டுவந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"குடிங்க. பனி வரலேன்னாலும் உடம்புக்குச் சூடாவது வரட்டும்."

அப்புறம் அவர்கள் பேசியதெல்லாம் எனக்குக் கேட்கவில்லை. தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்கத்தான் பார்த்தேன், மழை தகரக் கூரையில் அப்படி அடித்தது. ஒரு கட்டத்தில் அவர்கள் பேச்சு எனக்குத் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது. அவர் தன் மூட்டுவலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று நினைத்தேன். கூரை சத்தமே போடவில்லை.

"மழை நின்னுடுச்சு," என்றான் ராங்கெல்.

லூபென் எழவில்லை. பாதிப் பேச்சில் நிறுத்தி, கையில் குவளையோடு அப்படியே இருந்தார். அவருக்குக் கதவைத் திறக்கப் பயம் என்று எனக்குப் புரிந்தது. வெலிச்காதான் போய்த் திறந்தாள்.

வாசல் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், காற்றே இல்லாமல், கோழி இறகு அளவுக்குப் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் என் சமையலறைச் செருப்போடு வெளியே ஓடினாள். சரிவின் அடியில் போய் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினாள்: "விழுதுடி டோன்கா! விழுது! வந்து பாருடி!"

"தோத்துட்டடி நீ!"

"தோத்தா தோத்துட்டுப் போறேன்! பாரு, தரையில நிக்குது! கரையல!"

லூபென் வாசற்படியில் நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். "சந்திச்சிடுச்சு," என்றார் மெதுவாக. அதற்குள் ராங்கெல் அவரைத் தோளோடு தூக்கிக்கொண்டு முற்றத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

விடிந்தபோது என் கடைக் கதவைத் திறக்க முடியவில்லை. ஜன்னல் வழியாக இறங்கினேன். வெலிச்கா எனக்கு முன்பே எழுந்து சரிவின் நடுவே நின்றாள். அளவுகோலை ஊன்றியிருந்தாள். பனி அவள் தொடை வரை இருந்தது. அவள் பக்கத்தில் லூபெனுக்கு இடுப்பு வரை.

"அடியில ஈரப் பனி, மேல பஞ்சு. நல்லாப் பிடிச்சிருக்கு. கல்லு ஒண்ணுகூட வெளிய இல்ல," என்று எல்லாவற்றையும் அவருக்குக் குத்திக் குத்திக் காட்டினாள். அவர் குழந்தை மாதிரி கையைப் பனிக்குள் விட்டுவிட்டு எடுத்தார். எத்தனையோ வருடம் வாயால் அள்ளிக் கொட்டிய பனியை அன்றுதான் கையால் தொட்டுப் பார்க்கிறார் போலிருந்தது.

க்ரூம் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தான். "அக்கா! இவ்வளவு பனி! ஒரு ஆளும் வர மாட்டான்! நீங்க வராதீங்கன்னு சொல்லிட்டீங்களே! நீங்க சொன்னா இந்தப் பள்ளத்தாக்கே கேக்குமே!"

"சொன்ன வாய் இன்னும் மூஞ்சியிலதான் இருக்கு. தள்ளு," என்று தொலைபேசியிடம் போனாள்.

"வணக்கம். எலாட்கா பனித் தகவல். நான் சொன்னது தப்பு. லூபென் ஐயா சொன்னது சரி, அதுவும் கொஞ்சம் குறைச்சலாத்தான் சொல்லியிருக்காரு. தொடை வரைக்கும் பனி கிடக்கு. வானம் வெளுத்துடுச்சு. இன்னிக்கு மத்தியானம் நான் மலை உச்சியிலேருந்து தட்டுல இறங்கப்போறேன். சிரிக்கணும்னா வாங்க. ஒயின் இருக்கு. உங்க தட்டை நீங்களே கொண்டு வாங்க."

வெலிச்கா தப்பு என்று ஒப்புக்கொண்டதைக் காதால் கேட்கவே பாதிப் பேர் அழைத்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தார்கள் பாருங்கள்! பக்கத்துக் கிராமத்திலிருந்து டிராக்டர் வண்டியில், நடந்து, குதிரைச் சறுக்கு வண்டியில். வர வேண்டாம் என்று சொன்ன பாட்டுக்காரர்கள் கைடா என்ற தோல்பை ஊதுகுழலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வழியெல்லாம் ஊதிக்கொண்டே வந்தார்கள். நகரத்துப் பேருந்து ஒன்று பாதி வழியில் நின்றுவிட, அதிலிருந்த பிள்ளைகள் இறங்கி மீதி வழியை நடந்தே வந்தார்கள். தாமதமானதைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை.

என் கடையிலேயே பெரிய தட்டை வெலிச்கா எடுத்துக்கொண்டாள். "நசுக்கிடாதடி, நாளைக்கு அதுல சுடணும்," என்றேன்.

லூபென் அவள் பின்னாலேயே இழுவைக் கம்பியைப் பிடித்து, இரண்டு முறை விழுந்து, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். நானும் போயிருந்தேன், தட்டுக்குப் பொறுப்பாக.

"நானும் உக்காரலாமா?" என்று கேட்டார். "ஜெயிச்சவன் நின்னு வேடிக்கை பார்க்கறது நல்லா இல்ல."

"பனி மேல இதுக்கு முன்னாடி என்ன செஞ்சிருக்கீங்க?"

"அறிவிச்சிருக்கேன்."

"முன்னாடி உக்காருங்க," என்றாள்.

நான் ஒரு தள்ளு தள்ளினேன். கொஞ்சம் பலமாகத்தான் தள்ளிவிட்டேன் போலிருக்கிறது. தட்டு சுழன்று சுழன்று இறங்கியது. ஒரு சுற்றில் அவர் முகம் தெரியும், அடுத்த சுற்றில் அவள் முதுகு. அந்த மணிக்குரல் மலை முழுக்க "அம்மா! அம்மா! அம்மா!" என்று ஒலித்தது. வெலிச்காவின் சிரிப்பு அதற்கு மேலே ஏறியது. கீழே க்ரூம் ஒயின் குடத்தோடு நின்றிருந்தான். இடப்பக்கம் தாவினான், தட்டும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் தாவினான், தட்டும் வந்தது. கடைசியில் அவனும் தட்டில் விழுந்து, மூன்று பேருமாக வண்டிகள் நிறுத்தும் இடம் வரை போய், ஒரு பனிக்குவியலுக்குள் மறைந்தார்கள். முதலில் வெளியே வந்தது குடம். ஒரு துளி சிந்தவில்லை என்று க்ரூம் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறான்.

கைடா ஊதத் தொடங்கியது. கையோடு கை கோத்து, தோளோடு தோள் உரச எல்லோரும் சரிவின் அடியில் வட்டமாக ஆடினோம். லூபென் ஒவ்வொரு அடியையும் தப்பாகவே வைத்தார். வெலிச்கா அவர் கையை விடவில்லை.

சாயங்காலம் மறுபடி பனி பிடித்துக்கொண்டது. வந்தவர்கள் இருட்டுவதற்கு முன் இறங்கிவிட்டார்கள். லூபெனின் சின்னக் கார் மட்டும் எங்கே நிற்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. பாதை மூடிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை வானொலியில் வேறு யாரோ ஒரு பெண் வானிலை வாசித்தாள். எங்கள் தொலைபேசியை அழைத்தவர்களுக்கு இரண்டு குரல் கேட்டது.

"வணக்கம். எலாட்கா பனித் தகவல். தொடை அளவு."

"இடுப்பு அளவு."

"உங்க இடுப்பை யாரு கேட்டா? தொடை அளவு. பிற்பகல்ல வெயில்."

"மேகத்துக்கும் வாய்ப்பு உண்டு."

"வாய்ப்பு கீய்ப்புன்னு இங்க பேசக்கூடாது. வருமா, வராதா?"

ஜன்னல் திறந்து மூடும் சத்தம். "வராது."

"வராதாம். வாங்க."

திங்கட்கிழமை கீழிருந்து பனி தள்ளும் வண்டி உறுமிக்கொண்டு வந்து சேர்ந்தது. லூபென் அப்போது கீழ்ச் சரிவில், கடன் வாங்கிய சறுக்குப் பலகைகளில் கால்களை அகட்டி, கைகளைக் கொக்கு மாதிரி விரித்து நின்றுகொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்தது. அந்த நொடியே அவரும் விழுந்தார்.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "எந்தப் பக்கம் முதல்ல தள்ளட்டும் அக்கா? இங்க ஏதோ ஒரு கார் மாட்டியிருக்காமே?" என்று கேட்டான்.

வெலிச்கா பனியில் கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு ஓட்டுநரிடம் மேல் தெருவைக் கை காட்டினாள்.

"அந்தப் பக்கம் போ தம்பி. அங்க பள்ளிக்கூடம் இருக்கு, கோயில் இருக்கு, ராங்கெல் வீட்டு மாட்டுக்கொட்டகை இருக்கு. எல்லாத்தையும் நல்லாத் தள்ளிட்டு, சாப்பிட்டுட்டு, மெதுவா வா. இங்க ஒண்ணும் அவசரம் இல்ல."